உள்வளையம்

ஆறாம் கட்டையடியில் அலறத் தொடங்கிய பின்சில்லை
பாலையூற்று வரைக்கும் அப்படியே ஓட்டி வந்திருந்தான் ஜெறாட்.
"இது கடலைக் குடிச்சிருக்கு" என்றேன்.
"போன கிழமைதான் கிறீஸ் போட்டது."
போட்டது ஆர் என்று கேட்டேன். பேச்சில்லை.

விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா
படகை இறக்க இடுப்பளவு தண்ணிக்குள்
பின்பக்கமாய்ப் போகிற லான்ட் குரூசர்.
சீல் விட்ட மயிரிழையால் உப்பு உள்ளே போய்
குடியிருந்து, பிள்ளை குட்டி பெற்று
செங்கல் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது.

ஜக் அடித்து, சில்லைக் கழற்றி,
அச்சை உருவி, நட்டு வாசரின் காதை நிமிர்த்தி,
ஹப்பை ஆட்டி ஆட்டி இழுத்தபோது
உருளைகள் கொட்டின. முழுசாய்ச் சில, பாதியாய்ச் சில,
ஒன்று உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது.
வெளிவளையம் ஹப்போடு வந்தது.
உள்வளையம் மட்டும்
அச்சுக்குழாயில் நின்றது,
தடித்த விரலில் ஏறிய கலியாண மோதிரம்.

சவர்க்காரம் போட்டால் மோதிரம் வரும்.
இதற்கு டீசல் ஊற்றினோம்.
தேத்தண்ணி குடித்தோம்.
திரும்ப ஊற்றினோம்.
புல்லர் போட்டேன், நகம் வழுக்கி
என் பெருவிரலில் தோல் போனது.
பக்கத்து வெல்டிங் கடை முனாஸ்
காஸ் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.
வளையம் வைக்கோல் நிறமாகி, ஊதாவாகி,
கோணேசர் மலைக்குக் கீழே மத்தியானத்தில்
கடல் ஒரு நீலமாய் இருக்குமே, அதுவாகியது.
வடிவாய்த்தான் இருந்தது. அசையவில்லை.

"கிரைண்டர்தான்" என்றான் முனாஸ்.
"சரிச்சு வெட்டு. முழுக்க வெட்டாதை.
அச்சுக்குழாயைத் தொட்டியெண்டா ஜெறாட் அழுவான்."
பொறி பறந்து அவன் சாரத்தில் மூன்று ஓட்டை.
முக்கால்வாசி போயிருப்பேன்,
கரண்ட் போனது.
டிஸ்க் ஓலமிட்டு, மெலிந்து, நின்றது.
"ஆறு மணிக்கு வெள்ளைக்காரர் பதினொரு பேர், புறாமலைக்கு"
என்றான் ஜெறாட், ஆரிடம் என்றில்லாமல்.

உளியை வெட்டில் வைத்தேன்.
முனாஸ் போனில் வெளிச்சம் பிடித்தான்.
அதற்குள் அவன் மகள் எடுத்தாள்,
வெளிச்சம் அதிர்ந்துகொண்டே இருந்தது,
அந்த அதிர்வுக்குள் அடித்தேன்.
ஏழாவதோ எட்டாவதோ அடியில்
'டிக்'.
சுள்ளி முறிகிற அளவுதான்.
மூன்று பேரும் குனிந்தோம்.

கையால் உருவி எடுத்தேன். அதற்குக் கீழே
குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய தகரம்.
துடைத்தால் நிறம் தெரிந்தது.
பால்மா டின் ஒன்றிலிருந்து வெட்டியது:
ஒரு பசுவின் பின்னங்கால், பாதி வால்.
தேய்ந்த குழாயில் பெயரிங் ஆடாமலிருக்க
எவனோ சுற்றியிருக்கிறான்.
எந்தச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கமோ,
சாமான் வராத எந்த மாதத்திலோ.
இவ்வளவு இறுக்கத்துக்கும் அவன்தான் காரணம்.
அவனைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினேன்.
முனாஸ் என்னைவிட நன்றாய்த் திட்டினான்.

புதுப் பெயரிங்கை ஏற்றினேன்.
கிணற்று வாளி மாதிரி ஆடியது.
புதுக் குழாய் கொழும்பிலிருந்து வர நாலு நாள்.
விலையைச் சொன்னதும்
ஜெறாட் நிலத்தைப் பார்த்தான்.

அவன் வண்டியின் பின்னுக்கே கிடந்தது
நேற்றைய பயணத்தில் ஆரோ குடித்த பியர் டின்.
விரற்கடை அகலத்துக்குக் கத்தரித்து,
ஓரம் தேய்த்து, மெல்லிசு என்பதால் இரண்டு சுற்றுச் சுற்றி,
கிறீஸ் பூசி, மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.
இருந்தது.
முனாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
சிங்கத்தின் ஒரு கண்
வளையத்துக்குள் போகிற மட்டும்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பசுவின் காலைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.
ஏனென்று தெரியாது.

சில்லைச் சுற்றிவிட்டால் சத்தமில்லை.
"கடலுக்குள்ள இறக்கினா ஒவ்வொரு முறையும்
நல்ல தண்ணியில கழுவு" என்றேன்.
"ஓம், ஓம்" என்றான் ஜெறாட்.
கழுவமாட்டான்.